மீன் வெட்டும் கத்திக்கு வீட்டிலேயே உறை: பிவிசி பைப்பும் வலைநூலும் கொண்டு செய்யும் முறை

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுப்பவர்கள் பலர் கத்தியை வீட்டுக்கு எடுத்துப்போகும் விதத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, கூடைக்குள் செருகிவிடுவார்கள். ஷேர் ஆட்டோ குலுங்கும், ஈரத்தில் தாள் கிழியும். கிழிந்தது கூடைக்குள் கைவிடுபவரின் விரலுக்குத்தான் முதலில் தெரியும். விரல் தப்பினாலும் கத்தி தப்பாது. லாரி வில்பட்டையில் அடித்த கத்தி, உப்பு ஈரத்தோடு ஓர் இரவு தாளுக்குள் கிடந்தால் காலையில் செந்துரு பூத்திருக்கும்.

இந்த வழிகாட்டியில் உள்ள உறையை நானே பலமுறை செய்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் இடறினார்கள்: சூடான பிளாஸ்டிக்கைக் கத்தியின் மேலேயே வைத்து அழுத்தப் பார்த்தார்கள். இந்த வேலையில் கத்தி கடைசியாகத்தான் வரவேண்டும். அதுவரை எல்லா அளவுக்கும் ஒரு மரக்கத்தி போதும். கீழே உள்ள வரிசை முழுவதும் இதற்காகவே அமைந்தது. படிகளை முன்பின்னாக மாற்றாதீர்கள்.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட கத்தி: அலகு நீளம் 220 மி.மீ., அடியில் அகலம் 54 மி.மீ., முதுகின் தடிமன் 4 மி.மீ. உங்கள் கத்தி வேறு அளவாக இருந்தால் கணக்கை எப்படி மாற்றுவது என்பதையும் சொல்கிறேன். அரை நாள் வேலை. பசை காய்வதற்கு ஓர் இரவு.

1. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

பைப்பில் இருந்து தொடங்குவோம். கடையில் குடிநீர்க் குழாய் என்று கேட்டு, அதன் மேல் ஐஎஸ் 4985 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ் 13592 என்றிருந்தால் அது கழிவுநீர்க் குழாய். உணவு வெட்டும் கத்திக்கு வேண்டாம். மங்கிய மஞ்சள் நிறத்தில் வரும் சிபிவிசி குழாயும் வேண்டாம். அது வெந்நீருக்கென்றே செய்தது என்பதால் கொதிநீரில் போட்டாலும் நமக்கு வேண்டிய அளவு இளகாது.

காயலாங்கடையில் கிடைக்கும் பழைய துண்டு மலிவுதான். ஆனால் வெயிலில் கிடந்த பிவிசி மொறுமொறுப்பாகி, மடிக்கும்போதே வெடிக்கும். பழைய குழாய்களில் பிளாஸ்டிக்கை நிலைப்படுத்த ஈயச் சேர்மங்களைக் கலந்திருக்கவும் கூடும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள பைப் கடைகளில் முழு நீளம் வாங்கத் தேவையில்லை. வெட்டி மிஞ்சிய புதுத் துண்டு கேட்டால் கிடைக்கும். அரை மீட்டர் வாங்குங்கள். பாதி உறைக்கு, மீதி கூர்ப்பக்கத்தில் இரு சுவருக்கும் நடுவே வரும் இடைப்பட்டைக்கும் கைப்பழக்கத்துக்கும்.

பைப்பைப் பிளந்து தகடாக்கி, முதுகுப் பக்கம் மடித்து, கூர்ப்பக்கம் தைப்பதுதான் இந்த உறை. எந்த அளவு பைப் என்பது கத்தியின் அகலத்தைப் பொறுத்தது. பிளந்து விரித்தால், 2 மி.மீ. தடிமன் உள்ள 50 மி.மீ. பைப் ஏறத்தாழ 150 மி.மீ. அகலத் தகடாகும். 63 மி.மீ. பைப் 190 மி.மீ. தரும்; 75 மி.மீ. பைப் 228 மி.மீ. வரை தரும். அந்த அகலத்தில் முதுகு மடிப்புக்காக 5 மி.மீ. கழித்து, இரண்டாக வகுத்து, தையல் ஓரத்துக்காக 18 மி.மீ. கழியுங்கள். மிஞ்சுவதுதான் உள்ளே அடங்கும் அகலம். அதில் கூருக்கு வெளியே விடும் 2 மி.மீ. இடைவெளியையும் கழித்தால், 52 மி.மீ. வரை உள்ள கத்திக்கு 50 மி.மீ. பைப், 72 வரை 63 மி.மீ. பைப், 91 வரை 75 மி.மீ. பைப். கடைக்காரர் இஞ்சில் பேசினால் 50 என்பது ஒன்றரை இஞ்ச், 63 என்பது இரண்டு இஞ்ச். உங்கள் கத்தி எல்லைக்கு மிக அருகில் இருந்தால் அடுத்த பெரிய பைப்பையே வாங்குங்கள். மிஞ்சியதை அறுத்துவிடலாம், குறைந்ததைக் கூட்ட முடியாது.

தைப்பதற்கு நைலான் வலைநூல், ஒன்றரை மி.மீ. தடிமனில். துறைமுகத்தை ஒட்டிய வலைக்கடைகளில் வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கரையெங்கும் வலை சீர்செய்து கொண்டிருப்பார்கள். அப்போது உரிமையோடு கேட்டால் நான்கு முழம் கொடுப்பார்கள். இந்த வேலைக்கு ஏற்ற காலமும் அதுதான், கத்திக்கு வேலை குறைவு.

இவை தவிர: 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று, நீளமான இடுக்கி, பருத்திக் கையுறை, அதன் மேல் போட ரப்பர் கையுறை, ஹேக்சா, 3 மற்றும் 4 மி.மீ. துளைக்கருவி முனைகள், சி கிளாம்ப் இரண்டு, சமமான பலகை இரண்டு, 4 மி.மீ. பிளைவுட் துண்டு, 120 எண் உப்புத்தாள், பழைய காலண்டர் அட்டை, மார்க்கர், பைப் ஒட்டும் பசை, பஞ்சர் கடையில் கிடைக்கும் சைக்கிள் டியூப் துண்டு, பார்சல் ஒட்டும் டேப்.

டின்னைப் பற்றி ஒரு சொல். சமையல் குண்டானில் பிவிசியை வேகவைக்காதீர்கள். இந்த வேலைக்கு எடுத்த டின் இந்த வேலைக்கு மட்டுமே.

தோல் கடைகள் நிறைந்த பெரியமேடு பக்கத்திலேயே இருக்கும்போது தோலில் செய்தால் என்ன என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். உளிக்கும் தோட்டத்துக் கத்திக்கும் தோல் அருமையான பொருள். மீன் கத்திக்கு ஆகாது. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், வாடையை விடாது, சோப்புப் போட்டுக் கழுவவும் முடியாது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கறுப்புக் கறை படியும். குரோம் ஏற்றிப் பதனிட்ட தோலில் உள்ள உப்புகள் இரும்பை அரிக்கும்.

2. கத்தியைக் கழுவி, கூரை மூடுங்கள்

கத்தியைக் கழுவித் துடைத்து, கூர்ப்பக்கத்தின் மேல் காலண்டர் அட்டையை இரண்டாக மடித்துச் செருகி டேப் ஒட்டுங்கள். அளவெடுக்கும் வேலையில் கை பலமுறை கத்தியைக் கடந்து போகும். கண் அப்போது கோட்டின் மேல் இருக்கும். நான் பார்த்த வெட்டுக்காயங்களில் பெரும்பாலானவை இந்த எளிய படியில் நேர்ந்தவை. அளவெடுத்து முடிந்ததும் கத்தியை மூடிய நிலையிலேயே அலமாரியில் வைத்துவிடுங்கள். பத்தாம் படி வரை அது தேவையில்லை.

3. அட்டையில் மாதிரி வெட்டுங்கள்

அட்டையின் மேல் கத்தியைப் படுக்கவைத்து, முதுகு நேர்கோட்டில் இருக்குமாறு சுற்றி வரையுங்கள். கூர்ப்பக்கத்தில் மூடியிருக்கும் அட்டையின் தடிமனை மறக்காமல் கழியுங்கள். பிறகு கூர்க்கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. தள்ளி இரண்டாவது கோடு வரையுங்கள். இதுதான் உறையின் உள் எல்லை. அந்த இடைவெளி இருந்தால்தான் கூர் பிளாஸ்டிக்கில் உரசி மழுங்காது.

இங்கே கத்தியின் வடிவத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அடியில் அகலமாகத் தொடங்கி நுனி நோக்கிக் குறுகும் கத்திக்கு அந்த வடிவத்திலேயே உறை செய்யலாம். சிலரது கத்தி நுனிப்பக்கம் அகன்றிருக்கும். அதற்கு அந்த வளைவையே பின்பற்றினால் கத்தி உள்ளே போகவே போகாது. உறையின் வாய் முதல் அடி வரை, மிக அகலமான பகுதியின் அளவிலேயே நேராக விட்டுவிட வேண்டும். வளைந்த அரிவாளுக்கு இந்த முறை பொருந்தாது.

4. மரக்கத்தி செய்யுங்கள்

பிளைவுட் துண்டில் அட்டை மாதிரியை வைத்து, உள் எல்லைக் கோட்டின் அளவுக்கு அறுத்தெடுங்கள். பின்பக்கம் ஒரு சாண் நீளம் கூடுதலாக விடுங்கள். இழுத்து வெளியே எடுக்க அதுதான் பிடி. முதுகு விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள், கூர்மையான மூலையின் மேல் மடித்தால் பிவிசி அங்கே மெலிந்து பின்னால் வெடிக்கும். கூர்ப்பக்கத்தை லேசாக இழைத்துச் சரிவாக்குங்கள்.

பிறகு மரக்கத்தி முழுவதும் பார்சல் டேப்பை இரண்டு சுற்றாகச் சுற்றுங்கள். தடிமன் கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல்தான் உண்மையான கத்தி உள்ளே போய்வரத் தேவையான இடம். பளபளப்பான டேப் மேல் பிளாஸ்டிக் ஒட்டாமல் வழுக்கி வரும் என்பதும் ஒரு பயன்.

கத்தி கையில் இருக்கும்போது மரக்கத்தி எதற்கு என்று அலுத்துக்கொண்ட ஒருவர், சூடான தகட்டைக் கத்தியின் மேலேயே மடித்து அழுத்தினார். பிவிசி ஆறும்போது சுருங்கும். கத்தியைக் கவ்விக்கொண்டது. இழுத்தார், வரவில்லை; பலமாக இழுத்தார், ஒரேயடியாக வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நான்கு தையல். இன்னொரு காரணமும் உண்டு: இரும்பு வெப்பத்தைச் சட்டென்று உறிஞ்சிவிடும். பாதி மடிப்பதற்குள் தகடு இறுகிவிடும். மரம் அப்படி உறிஞ்சாது.

5. பைப்பை வெட்டிப் பிளக்கவும்

அலகு நீளத்தோடு 20 மி.மீ. கூட்டி, 240 மி.மீ. நீளத்துக்கு அறுங்கள். அந்த 20 மி.மீ. நுனிக்குக் கீழே வரும் இடைப்பட்டைக்காக.

நீளவாட்டில் நேராகப் பிளப்பதுதான் கடினம். பைப்பைக் கதவு நிலையின் மூலையிலோ இரும்பு ஆங்கிளின் உள்மூலையிலோ கிடத்தி, அந்த விளிம்பை ஒட்டி மார்க்கரை இழுத்தால் கோடு வளையாது. பைப்பை ஸ்டூலில் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஹேக்சாவைச் சாய்வாகப் பிடித்து அறுங்கள். அவசரப்பட்டால் பிளேடு கோட்டை விட்டு விலகும். அறுத்த விளிம்பில் நிற்கும் பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

6. கொதிநீரில் இளக்கித் தட்டையாக்குங்கள்

டின்னில் முக்கால் அளவு நீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். பிவிசி 80 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது. இந்த இடைவெளிதான் நம் பாதுகாப்பு. நீரில் பிவிசி கருகவே கருகாது.

அடுப்புத் தீயில் நேராகக் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று பிளம்பர்கள் சொல்வார்கள். அவர்களுக்குக் கைப்பழக்கம் இருக்கிறது. புதியவர் கையில் ஒரு பக்கம் கருகி, மறு பக்கம் விறைப்பாகவே இருக்கும். கருகும் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும், மூச்சுக்குழாயை எரிக்கும். அருகில் உள்ள இரும்புச் சாமான்களையும் துருப்பிடிக்கச் செய்யும். தீ வேண்டாம்.

பைப்பை நீரில் நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். இடுக்கியால் லேசாக அழுத்திப் பார்த்தால் செருப்புத் தோல் போல் வளைய வேண்டும். வெளியே எடுத்து, பிளவை விரித்து, ஒரு பலகை மேல் வைத்து, மறு பலகையால் மூடி, மேலே ஏறி நின்றுகொள்ளுங்கள். ஐந்து நிமிடம் நகர வேண்டாம். சூட்டோடு எடுத்துவிட்டால் தகடு மீண்டும் சுருளும். பிவிசிக்குத் தன் பழைய உருண்டை வடிவம் நினைவிருக்கும். முழுக்க ஆறினால்தான் புது வடிவத்தை ஏற்றுக்கொள்ளும்.

கையுறை விஷயத்தில் கவனம். துணிக் கையுறை மட்டும் போட்டால் வெந்நீர் அதில் ஊறி, கையோடு ஒட்டிக்கொண்டு வேகவைத்துவிடும். ரப்பர் மட்டும் போட்டால் சூடு தாங்காது. உள்ளே பருத்தி, வெளியே ரப்பர். குழந்தைகள் அடுப்பங்கரைப் பக்கம் வராத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

தட்டையாக்காமல் பிளந்த பைப்பை நேரடியாகவே மடிக்கலாமே என்று தோன்றும். மடிக்கலாம், ஆனால் இரு பக்கச் சுவரும் வயிறு போல் உப்பி நிற்கும், கத்தி உள்ளே ஆடும்.

7. மடிப்பு முதுகுப் பக்கம்

தகட்டின் நடுவில் நீளவாட்டில் கோடு இழுங்கள். இந்தக் கோட்டில்தான் கத்தியின் முதுகு உட்காரும். மடிப்பு எப்போதும் முதுகுப் பக்கம், இணைப்பு எப்போதும் கூர்ப்பக்கம். மாற்றிச் செய்தால் கூர் மடிப்பின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை செருகும்போதும் ஒரு மயிரிழை ஆழம் வெட்டும். சில மாதங்களில் உறை அடியில் பிளந்துகொள்ளும், அது உங்களுக்குத் தெரியும் முன் உங்கள் பைக்குத் தெரியும்.

இதை உறைத் தகட்டில் செய்வதற்கு முன் மிச்சத் துண்டு ஒன்றில் செய்து பாருங்கள். எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டால் எப்படி வளைகிறது என்பதைக் கைதான் கற்க வேண்டும்.

தகட்டை மீண்டும் கொதிநீரில் மூன்று நிமிடம் விடுங்கள். எடுத்தவுடன் மரக்கத்தியின் முதுகை நடுக்கோட்டின் மேல் நிறுத்தி, இரு பக்கத்தையும் மேலே தூக்கி மூடி, பலகைகளுக்கு நடுவே வைத்து கிளாம்ப் போடுங்கள். உங்களுக்கு அரை நிமிடம்தான் இருக்கிறது. அதனால் பலகை, கிளாம்ப், மரக்கத்தி மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் முன்பே வரிசையாக இருக்கட்டும். பாதியில் இறுகிவிட்டால் முரட்டுத்தனமாக அழுத்தாதீர்கள். மறுபடியும் நீரில் போடுங்கள். நான்கைந்து முறை இளக்கினாலும் ஒன்றும் ஆகாது.

மடிப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் போதிய சூடு இல்லாமல் வளைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்த இடம் பின்னாளில் விரியும். வெள்ளைக் கோடு விழுந்த தகட்டை உறைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். இடைப்பட்டைக்கு நறுக்கிக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள்.

கிளாம்பை அவிழ்க்காமல், அப்படியே பத்து நிமிடம் ஆறவிடுங்கள். பக்கெட் தண்ணீரில் முக்கினால் இன்னும் சீக்கிரம் இறுகும்.

8. இடைப்பட்டை: உறையின் உயிர்

இரு சுவர்களுக்கு நடுவே, கூர்ப்பக்கம் முழுவதும், ஒரு பிவிசிப் பட்டை வரவேண்டும். இதை நான் இடைப்பட்டை என்று சொல்கிறேன். இது இல்லாவிட்டால் கத்தியின் கூர் நேராகத் தையலின் மேல் உட்காரும். நூல் ஒவ்வொன்றாக அறுபடும். கடைசி நூல் அறுபடும்வரை வெளியே எதுவும் தெரியாது. வெறும் ரிவெட்டோ தையலோ போதும் என்று இடைப்பட்டையைத் தவிர்த்தவர்களின் உறைகள் ஒன்றுகூட நிலைக்கவில்லை.

மிச்ச பைப்பைத் தட்டையாக்கி, அட்டை மாதிரியின் கூர் வளைவைப் பின்பற்றி 18 மி.மீ. அகலத்தில் பட்டை வெட்டுங்கள். நுனியில் வளைந்து முதுகு மடிப்பு வரை வந்து முட்ட வேண்டும், கத்தியின் முனை கீழ் வழியாக வெளியே எட்டிப் பார்க்க இடம் இருக்கக்கூடாது. முழுவதும் ஒரே துண்டாக வராவிட்டால் இரண்டு மூன்று துண்டாக வைக்கலாம். சந்திக்கும் இடங்களில் இடுக்கு இல்லாமல் உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்துங்கள்.

முதுகின் தடிமன் 3 மி.மீ.க்கு மேல் என்றால் பட்டையை இரண்டு அடுக்காக வையுங்கள். ஒற்றை அடுக்கு வைத்தால் கூர்ப்பக்கம் நெருக்கிப் பிடித்து, வாய் கோணிக்கொள்ளும்.

பசை தடவும் முன் அடுப்பை அணையுங்கள். அந்தப் பசை எளிதில் தீப்பற்றும், ஆவியும் தலைவலி தரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பட்டையின் அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு உறையின் ஒரு சுவரில் மட்டும் ஒட்டுங்கள். மறு சுவரில் பசை படக்கூடாது. இது முக்கியம். இரு பக்கமும் ஒட்டிவிட்டால், உள்ளே செதில் சிக்கி நாற்றம் எடுத்த அன்று உறையைத் தூக்கிப்போடுவதைத் தவிர வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் நூலை அறுத்துவிட்டுப் புத்தகம் போல் கொஞ்சம் விரித்துத் தேய்க்கலாம்.

மரக்கத்தியை உள்ளே வைத்து, கிளாம்ப் போட்டு, இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

9. துளையிட்டுத் தையுங்கள்

மரக்கத்தி உள்ளேயே இருக்கட்டும். கிளாம்பும் இருக்கட்டும். இடைப்பட்டையின் வெளி விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே தள்ளி, அந்த விளிம்புக்கு இணையாகக் கோடு வரைந்து, 12 மி.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். இப்படி வைத்தால் கூருக்கும் நூலுக்கும் நடுவே 10 மி.மீ. பிவிசி நிற்கும். புள்ளிகளை நெருக்கி வைத்தால் அழகாக இருக்கும் என்று ஒரு பெண் 5 மி.மீ.க்கு ஒன்று வைத்தார். நூலை இழுத்தபோது அஞ்சல் தலை கிழிவது போல் வரிசையாகக் கிழிந்தது.

எல்லா அடுக்குகளையும் ஒன்றாகவே துளையுங்கள். தனித்தனியாகத் துளைத்துப் பிறகு பொருத்த நினைத்தால் ஒரு துளைகூடச் சேராது. 3 மி.மீ. முனை, குறைந்த வேகம், அடியில் ஒரு கட்டை. வேகமாக ஓட்டினால் பிவிசி உருகி முனையில் சுற்றிக்கொள்ளும். துளைக்கருவி இல்லையென்று ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தாதீர்கள், மேலே சொன்ன அதே அமில வாயுதான் முகத்துக்கு நேராக வரும். பக்கத்தில் எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ இருப்பார். பத்து நிமிட வேலை, கேளுங்கள்.

தையல் வரியின் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு வலைநூல் எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனையையும் தீக்குச்சியில் காட்டி உருக்கி, ஆறியபின் பிளேடால் கூராகச் சீவுங்கள். உருகிய நைலானை விரலால் உருட்டாதீர்கள், தோலோடு ஒட்டிக்கொள்ளும். சீவிய முனை விறைப்பாக இருப்பதால் ஊசியே தேவைப்படாது.

பிறகு நூலைத் தண்ணீரில் ஊறவையுங்கள். நைலான் நனைந்தால் சற்று நீளும், காய்ந்தால் சுருங்கும். ஈரத்தோடு இழுத்துத் தைத்தால் காயும்போது தானாகவே இறுகும். காய்ந்த நூலில் தைத்தால் முதல் முறை கழுவும்போதே தளர்ந்துவிடும். வலை பின்னுபவர் ஒருவர் இதைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் என் உறைகளின் தையல் நிலைத்தது.

தையல் முறை எளிது. உறையின் வாய்ப்பக்கத்து முதல் துளையில் நூலின் நடுப்பகுதி வரும்படி கோர்த்து, பக்கத்துக்கு ஒன்றாக இரு முனைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த துளையில் இடப்பக்க முனை வலப்பக்கம் போகட்டும், வலப்பக்க முனை அதே துளை வழியாக இடப்பக்கம் வரட்டும். இரண்டையும் பிடித்து இறுக இழுங்கள். இப்படியே நுனி வரை போய், கடைசியில் இரண்டு துளை திரும்பி வந்து முடிச்சிடுங்கள். ஒரு நூல் அறுந்தாலும் மறு நூல் பிடித்துக்கொள்ளும் என்பதே இந்த முறையின் பயன். நைலான் முடிச்சு வழுக்கும். இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்சத்தை நறுக்கி, முனையைத் தீயில் லேசாகக் காட்டி மொட்டாக்குங்கள். தீ பிவிசியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிவெட் அடித்தால் ஐந்தே நிமிடத்தில் முடியும், உண்மைதான். ஆனால் வழக்கமான அலுமினியப் பாப் ரிவெட்டுக்குள் பெரும்பாலும் ஓர் இரும்புக் கம்பியின் தலை தங்கிவிடும். நம் ஊர்க் காற்றில் அது துருப்பிடித்துப் பழுப்பு நீராக வழியும்.

தைத்து முடித்த பிறகே வெளி விளிம்பைச் சமமாக அறுத்துத் தேயுங்கள். முன்பே அறுத்துவிட்டால், அடுக்குகள் கொஞ்சம் நகர்ந்தாலும் திருத்த இடம் இருக்காது.

10. வடிகால், வாய், கைப்பிடிப் பட்டை

உறையின் அடியில், இடைப்பட்டைக்குச் சற்று மேலே, இரு பக்கச் சுவரிலும் 4 மி.மீ. துளை ஒவ்வொன்று போடுங்கள். உறையைத் தொங்கவிட்டால் உள்ளே உள்ள நீர் வடிந்துவிடும். கீழ் விளிம்பில் துளைக்காமல் சுவரில் துளைப்பதற்குக் காரணம், கத்தியின் முனை அந்த வழியாக வரமுடியாது என்பதுதான்.

மரக்கத்தியை இழுத்தெடுத்துவிட்டு, வாயின் இரு விளிம்பையும் உள்பக்கம் சரிவாகத் தேயுங்கள். கத்தியின் முனை வாயில் இடறி விலகினால் அது போய்ச் சேருமிடம் உறையைப் பிடித்திருக்கும் உங்கள் இடது கை. இந்தச் சரிவுக்குக் கால் மணி நேரம் செலவழித்தாலும் தகும்.

வாயின் அருகே, முதுகு மடிப்பை ஒட்டி, இரு சுவரிலும் ஒவ்வொரு துளை போட்டு, சைக்கிள் டியூபில் விரல் அகலத்துக்கு வெட்டிய வளையத்தை வலைநூலால் கட்டுங்கள். கத்தியைச் செருகியபின் இந்த வளையத்தை இழுத்துக் கைப்பிடியின் மேல் மாட்ட வேண்டும். கூடை தலைகீழாகக் கவிழ்ந்தாலும் கத்தி நழுவாது. உறையின் இறுக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். மீன் எண்ணெய் பட்ட அலகு வழுக்கிக்கொண்டு வரும்.

11. முதன்முறை கத்தியைச் செருகுதல்

இப்போதுதான் கத்தி வெளியே வருகிறது. உறையைக் கையில் பிடிக்காமல், பலகையில் கிளாம்ப் போட்டு நிறுத்திவிட்டு மெதுவாகச் செருகுங்கள். முதுகு மடிப்பை ஒட்டியே உள்ளே போகட்டும். எங்காவது தடுத்தால் தள்ளாதீர்கள். கத்தியின் மேல் மார்க்கரால் கோடுகள் போட்டு மீண்டும் செருகி எடுத்தால், மை அழிந்த இடம்தான் உரசும் இடம். மரக்கத்தியில் அந்த இடத்துக்கு நேராக இன்னொரு சுற்று டேப் ஒட்டி, உறைக்குள் நுழைத்து, உறையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் மட்டும் காட்டி ஆறவிடுங்கள். மரக்கத்தி இல்லாமல் வெந்நீரில் போட்டால் உறை மீண்டும் குழாயாகப் பார்க்கும்.

சரியாக உட்கார்ந்ததும் வளையத்தை மாட்டி, மணல் நிரப்பிய பக்கெட்டுக்கு மேல் தலைகீழாகப் பிடித்துப் பத்து முறை பலமாக உதறுங்கள். பிறகு வளையத்தைக் கழற்றிவிட்டு, மெதுவாகக் கவிழ்த்துப் பாருங்கள். வளையம் இல்லாமல் உடனே விழுந்தால் வாயைச் சற்று நெருக்க வேண்டும்: மரக்கத்தியில் வாய்க்கு நேரான பகுதியில் மட்டும் ஒரு சுற்று டேப்பைப் பிரித்துவிட்டு, அங்கே கொதிநீரை ஊற்றிக் கிளாம்பால் அழுத்துங்கள்.

12. அன்றாடப் பயன்பாடு

ஈரக் கத்தியை உறையில் போடாதீர்கள். வெட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிச் செருகுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுப்பாகும். தேங்காய் எண்ணெய் அப்படி ஆகாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு நாள் வேலை இல்லாமல் கத்தி உறையிலேயே கிடந்தால், ஒரு முறை வெளியே எடுத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் உறைக்கு வெளியே, எண்ணெய் தடவி, உயரமான இடத்தில் வையுங்கள்.

உறையை வாரம் ஒருமுறை சோப்பு நீரில், பாட்டில் கழுவும் பிரஷ் கொண்டு தேய்த்து, வாய் மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள். வெந்நீர் கூடாது. கத்திரி வெயிலில் தகரக் கூரை மேலோ வண்டிப் பெட்டிக்குள்ளோ விட்டுவிடவும் கூடாது. இளகிய பிவிசி தையலை இழுத்துக்கொண்டு விரியப் பார்க்கும்.

மாதம் ஒருமுறை டார்ச் அடித்து உறையின் உள்ளே பாருங்கள். இடைப்பட்டையில் லேசான கீறல்கள் இருப்பது இயல்பு. ஒரே இடத்தில் ஆழமான வெட்டு விழுந்திருந்தால் கத்தி கோணலாக நுழைகிறது. முதுகை மடிப்போடு ஒட்டிச் செருகப் பழகுங்கள். வெட்டு நூல் வரிசையை நெருங்கிவிட்டால் நூலை அறுத்து, உறையை விரித்து, பழைய பட்டையின் மேல் அதே வளைவில் ஒரு மெல்லிய பட்டையை ஒட்டி, அதே துளைகள் வழியாகத் துளைத்து, புது நூலால் தையுங்கள். டியூப் வளையம் வெடிப்பு விட்டால் அன்றே மாற்றுங்கள். அட்டை மாதிரியையும் மரக்கத்தியையும் தூக்கிப்போடாமல் உறையோடு சேர்த்து வைத்திருங்கள். இந்தப் பழுதுவேலை எல்லாவற்றுக்கும் அவை இரண்டும் வேண்டும்.